சிங்கமும் சிலுவையும்

மேலைநாட்டு மாயக்கற்பனைத் திரைப்படங்களைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. கதைத்தலைவன் இறந்து மீண்டும் எழுந்தால் அவன் கிறித்து. நண்பருள் ஒருவன் காட்டிக்கொடுத்தால் அவன் யூதாசு. கைகளை விரித்து ஒருவன் நின்றால் அது சிலுவை. இவ்வாறு ஒப்புமைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியலிட்டதும் திறனாய்வு நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது. இதற்கு நேர்மாறாக, "படம் என்பது பொழுதுபோக்கு, அதில் சமயத்தைத் தேடுவது வீண்வேலை" என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். முன்னவர் எங்கும் காண்கின்றனர். பின்னவர் எங்கும் காண மறுக்கின்றனர். ஒரு படத்தில் கிறித்துவக் குறியீடு உண்டு என்று எந்த அடிப்படையில் கூறுவது என்னும் வினாவை இரு சாராருமே எழுப்புவதில்லை.

அவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், படத்தில் தோன்றும் அடையாளங்களைவிடக் கதையில் நிகழும் செயலை முதன்மையாக நோக்குதல் வேண்டும். கிறித்துவ சமயத்தின் நடுவே நிற்பது ஒரு செயல். குற்றமற்றவர் குற்றமுடையோர்க்காகத் தம்மை மனமுவந்து ஒப்புக்கொடுத்தார் என்பதே அது. இச்செயல் கதையின் போக்கை ஆளுமானால், சிலுவையின் வடிவம் திரையில் ஒருமுறையேனும் தோன்றாவிடினும் அங்கே கிறித்துவக் குறியீடு உண்டு. இச்செயல் இல்லையேல், திரை முழுவதும் சிலுவைகள் நிறைந்திருப்பினும் அவை அணிகலன்களே. இவ்வளவுகோலைக் கொண்டு சில புகழ்பெற்ற படங்களை நோக்கும்போது வியப்பான உண்மையொன்று புலப்படும். நூல் திரைப்படமாகும்போது அடையாளங்கள் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கின்றன. செயல்தான் பலவேளைகளில் உருமாறிவிடுகிறது.

உருவகமும் உள்ளுறையும்

முதற்கண், உருவகக் கதைக்கும் குறியீட்டுக் கதைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிதல் நன்று. 1678இல் வெளிவந்த ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. அது உருவகக் காப்பியம். பயணி சுமக்கும் சுமை பாவம். அவன் நாடிச் செல்லும் நகரம் விண்ணுலகு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் முன்பே வரையறுக்கப்பட்டுள்ளது. கதையைத் திறக்கும் திறவுகோலை ஆசிரியரே கற்பவர் கையில் தந்துவிடுகிறார்.

இருபதாம் நூற்றாண்டின் மாயக்கற்பனை எழுத்தாளர் இருவர் இவ்வழியை ஏற்கவில்லை. சி.எஸ். லூயிஸும் ஜே.ஆர்.ஆர். டோல்கீனும் ஆக்சுபோர்டில் நெருங்கிப் பழகிய நண்பர்கள். இருவரும் ஆழ்ந்த கிறித்துவப் பற்றுடையவர்கள். 1931இல் லூயிஸ் கிறித்துவ நம்பிக்கைக்குத் திரும்பியதில் டோல்கீனுக்கும் பங்குண்டு. லூயிஸ் தம் நார்னியாக் கதைகளை உருவகம் என்று அழைக்க மறுத்தார். நார்னியா போன்றதோர் உலகம் இருந்து, கடவுளின் மைந்தர் இவ்வுலகில் மனிதரானதைப்போல அங்கே சிங்கமாகியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்னும் கற்பனையே தம் கதை என்பது அவர் விளக்கம். டோல்கீனோ உருவகத்தையே விரும்பாதவர். 1960களில் வெளிவந்த 'மோதிரங்களின் தலைவன்' இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அதனை வெளிப்படையாகவே தெரிவித்தார். ஆயினும், தம் நூல் அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பே என்றும், சமயக் கூறு கதையினுள் கரைந்துவிட்டமையால் வழிபாடு பற்றிய குறிப்புகளை ஏறத்தாழ முற்றிலும் நீக்கிவிட்டதாகவும் 1953இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டிருந்தார்.

கதையினுள் கரைந்து நிற்கும் பொருள் என்பது தமிழ் கற்றோர்க்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்களின் உள்ளுறை உவமம் அத்தகையதே. வயலில் எருமை மலரை மேய்கிறது என்று மட்டுமே பாடல் கூறும். தலைவனின் புறத்தொழுக்கம் கேட்போர் உள்ளத்தில் தானே தோன்றும். எருமையை நீக்கிவிட்டால் பாடலின் பொருளே குறைந்துவிடும். உள்ளுறைக்குத் தெய்வம் நிலைக்களன் ஆகாது என்று தொல்காப்பியர் விலக்கியுள்ளமையால், அக்கோட்பாட்டை அவ்வாறே கொண்டுவந்து இப்படங்களுக்குப் பொருத்துதல் இயலாது. ஆனால், அது கற்பிக்கும் சோதனை இங்கும் பயன்படும். குறிப்பு என்று கருதப்படுவதை நீக்கிப் பார்க்கும்போது கதை சிதைகிறதா, அல்லது சிறிதும் மாறாமல் நிற்கிறதா? சிதையுமாயின் அது குறியீடு. மாறாமல் நிற்குமாயின் அது வெறும் ஒப்பனை.

அஸ்லானின் இரவு

லூயிஸின் 'சிங்கம், சூனியக்காரி, அலமாரி' என்னும் நூல் 1950இல் வெளிவந்தது. ஆண்ட்ரூ ஆடம்சன் இயக்கத்தில் 2005இல் அது திரைப்படமாயிற்று. நான்கு உடன்பிறப்புகளுள் எட்மண்ட் என்பவன் இனிப்புப் பண்டத்துக்கும் பதவி ஆசைக்கும் மயங்கித் தன் உடன்பிறந்தோரை வெள்ளைச் சூனியக்காரிக்குக் காட்டிக்கொடுக்கிறான். துரோகியின் உயிர் தனக்கே உரியது என்று அவள் பழஞ்சட்டத்தைக் காட்டி உரிமை கோருகிறாள். அவ்வுரிமையை அஸ்லான் என்னும் சிங்கம் மறுக்கவில்லை. அவனுக்கு ஈடாகத் தன்னையே தருவதாக ஒப்பி, இரவில் தனியே கல்மேடைக்குச் செல்கிறது. அங்கே அதன் பிடரி மயிர் மழிக்கப்படுகிறது. அது கட்டுண்டு ஏளனத்துக்கு ஆளாகிக் கொல்லப்படுகிறது. விடியற்காலையில் மேடை பிளந்து கிடக்கிறது, உடல் அங்கில்லை, அஸ்லான் உயிருடன் நிற்கிறது.

இங்குள்ள ஒப்புமைகள் தற்செயலானவையல்ல; ஒன்றோடொன்று தொடர்ந்து சங்கிலியாக அமைந்தவை. அஸ்லானின் துயர்மிகு நடையில் கெத்சமனித் தோட்டத்து இரவு நினைவுக்கு வருகிறது. உடன் செல்லும் சிறுமியர் இருவரிடம் கல்லறையை நாடிச் சென்ற பெண்களின் சாயல் உண்டு. பிடரி மழிக்கப்படும்போது சிங்கம் வாய்திறவாமல் இருப்பது, மயிர் கத்தரிப்போன் முன் அமைதியாய் நிற்கும் செம்மறியைப் பற்றிய எசாயா 53ஆம் அதிகாரத்தோடு இயைகிறது. திருவெளிப்பாடு 5ஆம் அதிகாரத்தில் யூதா குலத்துச் சிங்கம் வருவதாக அறிவிக்கப்படுகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவதோ கொல்லப்பட்டது போன்ற ஆட்டுக்குட்டி. சிங்கமே ஆட்டுக்குட்டியாதல் என்னும் அம்முரணைத்தான் லூயிஸ் கதையாக்கியுள்ளார். இவற்றுக்கெல்லாம் மேலாக, எட்மண்டின் துரோகத்தையும் அஸ்லானின் சாவையும் நீக்கிவிட்டால் கதையே இல்லாமற் போகும். ஆகவே சோதனையில் இக்குறியீடு வென்றுவிடுகிறது.

சிங்க வடிவில் வரும் இறைவனைக் காணும் தமிழ் மாணவர்க்கு நரசிங்க அவதாரம் நினைவுக்கு வருதல் இயல்பு. அந்த ஒப்பீட்டைத் தவிர்க்க வேண்டுவதில்லை; வேறுபாட்டைக் காண அது பெரிதும் உதவும். தூணிலிருந்து வெளிப்படும் நரசிங்கம் பக்தனாகிய பிரகலாதனைக் காத்துக் கொடியோனாகிய இரணியனை அழிக்கிறது. அங்கே அறம் நிலைபெறுவது கொடுமையை அழிப்பதால். அஸ்லானோ பக்தனுக்காக அன்றித் துரோகிக்காக இறக்கிறது. பிரகலாதன் இருக்க வேண்டிய இடத்தில் எட்மண்ட் இருக்கிறான் என்பதே இக்கதையின் கிறித்துவத் தன்மை. இரு மரபுகளுக்கும் அவற்றின் அறநோக்கு உண்டு. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது இரண்டுக்கும் செய்யும் தீங்காகும்.

இனித் திரைப்படம் செய்துள்ள மாற்றத்தை நோக்கலாம். நூலில் போர் மிகச் சுருக்கமாகவே இடம்பெறுகிறது. அஸ்லானும் சிறுமியரும் போர்க்களத்தை அடையும்போது போர் முடிவை நெருங்கிவிடுகிறது. திரைப்படத்திலோ போர்தான் உச்சக்கட்டம். நூலிலும் படத்திலும் சூனியக்காரியை வீழ்த்துவது அஸ்லானே. ஆனால் படத்தில் அவளைக் கொன்றபின் அஸ்லான் ஒரு சொல் உரைக்கிறது. 'முடிந்தது' என்னும் பொருள்படும் அச்சொல், யோவான் நற்செய்தியின்படி இயேசு பெருமான் சிலுவையில் உயிர்விடும் வேளையில் மொழிந்தது. நூலில் அச்சொல் அவ்விடத்தில் இல்லை. கிறித்துவக் குறிப்பை மிகுவிக்கும் நோக்கில் படம் அதனைச் சேர்த்தது என்று கொள்ளலாம். விளைவோ மறுதலையானது. இறப்பவர் வாயில் பிறந்த சொல் கொல்பவர் வாய்க்கு மாறிவிட்டது. கல்மேடையில் நிறைவெய்த வேண்டிய மீட்பு போர்க்களத்தில் நிறைவெய்துகிறது. அக்கணத்து அஸ்லான் சிலுவையில் தொங்கியவரைவிட இரணியனை வென்ற நரசிங்கத்துக்கே நெருங்கி நிற்கிறது. அடையாளம் கூடிவிட்டது, செயலின் பொருள் குறைந்துவிட்டது.

ஒப்புமை மட்டும் போதுமா?

அடையாளத்தை மட்டும் நம்பும் திறனாய்வு எங்கே இடறும் என்பதற்கு வேறிரு படங்கள் சான்றாகின்றன. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'இ.டி.' 1982இல் வெளிவந்தது. வேற்றுலகிலிருந்து வந்த உயிர் ஒன்று குழந்தைகளுடன் பழகுகிறது, தொட்டுக் காயத்தை ஆற்றுகிறது, இறந்து மீண்டும் எழுகிறது, இறுதியில் விண்ணேறுகிறது. சிறுவனின் விரலும் அவ்வுயிரின் விரலும் தொடும் விளம்பரப்படம், சிஸ்டைன் சிற்றாலயத்து மேற்கூரையில் மைக்கலாஞ்சலோ தீட்டிய ஆதாமின் படைப்பை நினைவூட்டுகிறது. ஒப்புமைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டால் இதனைவிடச் சிறந்த கிறித்துவப் படம் வேறில்லை எனலாம். ஆனால் அவ்வுயிர் யாருடைய குற்றத்துக்காக இறந்தது? அது யாருக்கும் ஈடாகத் தன்னைத் தரவில்லை, நோயுற்று இறந்தது, தன் இனத்தாரின் கலம் நெருங்கியபோது உயிர்பெற்றது. பிரிவும் ஏக்கமும் மீண்டும் கூடும் மகிழ்ச்சியுமே அப்படத்தின் உள்ளீடு. கிறித்துவ ஓவிய மரபின் உணர்ச்சியைப் படம் கடன்பெற்றிருக்கிறது. அதன் பொருளைக் கடன்பெறவில்லை. இயக்குநர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதைக் காட்டி இங்கு வழக்காட வேண்டுவதுமில்லை. படைத்தவரின் சமயம் குறியீட்டை நிறுவவும் செய்யாது, மறுக்கவும் செய்யாது. படைப்பே சான்று.

இரண்டாவது, சாக் ஸ்னைடர் இயக்கி 2013இல் வெளிவந்த 'மேன் ஆப் ஸ்டீல்'. இதில் அடையாளங்கள் வேண்டுமென்றே அள்ளித் தெளிக்கப்பட்டுள்ளன. சூப்பர்மேனுக்கு அகவை 33. தன்னைப் பகைவரிடம் ஒப்படைப்பதா என்று அவன் தேவாலயத்தில் குருவிடம் உசாவுகிறான். அவனுக்குப் பின்னால் கெத்சமனியில் மன்றாடும் கிறித்துவின் கண்ணாடி ஓவியம் தெரிகிறது. பின்னர் விண்வெளியில் கைகளை விரித்து மிதக்கிறான். ஆனால் படத்தின் முடிவில் பகைவனின் கழுத்தைத் தன் கைகளாலேயே முறிக்கிறான். ஒரு குடும்பத்தைக் காக்கவே அவ்வாறு செய்தான் என்பது உண்மை. அச்செயலால் அவன் துடிப்பதும் உண்மை. எனினும் சிக்கலைத் தீர்த்தது வலிமையேயன்றித் தன்னை ஒப்புக்கொடுத்தலன்று. கண்ணாடி ஓவியத்தை அகற்றி அவ்விடத்தில் வெறுஞ்சுவரை வைத்தாலும் கதையில் ஓர் அணுவும் மாறாது. சோதனையில் இக்குறியீடு தோற்றுவிடுகிறது.

மோதிரமும் இரக்கமும்

இவற்றினும் நுட்பமானது டோல்கீனின் கதை. 1954லும் 1955லும் மூன்று பகுதிகளாக வெளிவந்த நூலைப் பீட்டர் ஜாக்சன் 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்களாக்கினார். மூன்றாவது படம் 11 ஆசுகார் விருதுகளைப் பெற்றது. இக்கதையில் ஒரே கிறித்துவைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். கேண்டால்ஃப் இறந்து வெண்ணிற உடையுடன் திரும்புகிறார். ஃபிரோடோ உலகின் தீமையைச் சுமந்து மலையேறுகிறான். ஆரகார்ன் தன் அரியணைக்கு மீள்கிறான். கிறித்துவின் தன்மைகள் பலரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. எவரும் கிறித்து ஆகவில்லை. நூலில் தோழர்கள் பயணம் புறப்படும் நாள் டிசம்பர் 25. மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. முன்னது கிறித்து பிறப்பு விழா நாள். பின்னது கன்னி மரியாவுக்கு வானதூதர் மங்களவார்த்தை உரைத்த திருநாள். இந்நாட்களைப் படம் காட்டவில்லை. அதனால் பெரிய இழப்பும் இல்லை. இவை அடையாளங்களே.

பேரிழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. மோதிரத்தின் ஆசையால் சீரழிந்த கோல்லம் என்னும் உயிரைக் கொல்ல வாய்ப்பிருந்தும் பில்போ இரங்கி விட்டுவிடுகிறான்; பின்னர் ஃபிரோடோவும் இரங்குகிறான். அந்த இரக்கம் பலருடைய விதியை நிர்ணயிக்கக்கூடும் என்று கேண்டால்ஃப் கூறுவதை முதற்படமும் சிறப்பாகவே பேணியுள்ளது. நூலின் முடிவில், எரிமலையின் விளிம்பில் நிற்கும் ஃபிரோடோ தோற்றுவிடுகிறான். மோதிரத்தை எறிய மனமின்றி அது தனக்கே உரியது என்கிறான். கோல்லம் பாய்ந்து அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, வெற்றிக் களிப்பில் ஆடிக் கால் இடறித் தீயில் வீழ்கிறது. உலகைக் காத்தது ஃபிரோடோவின் மனவலிமையன்று. எப்போதோ காட்டப்பட்ட இரக்கமும், மனித முயற்சிக்கு அப்பாற்பட்டு அதனைக் கனியச் செய்த ஓர் அருளுமாம். மனிதன் தன் ஆற்றலால் மட்டும் தன்னை மீட்டுக்கொள்ள இயலாது என்னும் கிறித்துவக் கோட்பாடு, கடவுளின் பெயரே உச்சரிக்கப்படாமல் இங்கே கதையாகியிருக்கிறது.

திரைப்படத்திலும் ஃபிரோடோ தோற்கிறான். கோல்லம் மோதிரத்தைப் பறிக்கிறது. அதன்பின் ஃபிரோடோ எழுந்து அதனோடு போராடுகிறான். இருவரும் விளிம்பிலிருந்து சரிகின்றனர். கோல்லம் வீழ, ஃபிரோடோ பாறையைப் பற்றித் தொங்குகிறான். மாற்றம் சிறிதே போலத் தோன்றும். ஆயினும் தீமையை வீழ்த்தியது இப்போது கைகலப்பு. முதற்படத்தில் விதைக்கப்பட்ட இரக்கம் மூன்றாம் படத்தில் விளைச்சல் காணவில்லை. ஊர் திரும்பிய ஃபிரோடோ, தன்னைக் கத்தியால் குத்த முயன்ற சாருமானையும் கொல்ல வேண்டாவென்று தடுக்கும் பகுதி நூலின் இறுதியில் உள்ளது. படத்தில் அது முற்றிலும் விடப்பட்டுள்ளது.

2007இல் வெளிவந்த இறுதி ஹாரி பாட்டர் நூலுக்கும் 2011இல் வெளிவந்த அதன் திரைவடிவத்துக்கும் இடையே இதே மாற்றத்தைக் காணலாம். எதிர்ப்பின்றிச் சாவை ஏற்கச் செல்லும் ஹாரி இரண்டிலும் உண்டு. ஆனால் நூலில் அவன் இறுதி மோதலுக்கு முன் பகைவனை நோக்கி, தன் செயல்களுக்காக வருந்தித் திருந்த முயலுமாறு அழைக்கிறான். படத்தில் அவ்வழைப்பு இல்லை. அவ்விடத்தை நீண்ட மந்திரப்போர் நிரப்பிவிடுகிறது.

திரையின் இயல்பும் திறனும்

இம்மாற்றங்களை இயக்குநர்களின் சமய அறியாமைக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. பெரும்பொருட்செலவில் உருவாகும் படத்துக்குப் பெரும்போர் தேவைப்படுகிறது. கால் இடறி வீழ்தல் ஏட்டில் அருளாகப் படிக்கப்படும். திரையில் அது கதையின் வலுவின்மையாகத் தோன்றக்கூடும். இரக்கம் பெரும்பாலும் ஒன்றைச் செய்யாது விடுதலில் அமைகிறது. செய்யாமையைக் காட்டுதல் ஒளிப்படக் கருவிக்கு அரிது.

வெற்றியும் கிறித்துவத்தின் ஒரு கூறுதானே, திருவெளிப்பாட்டில் போர் இல்லையா என்று வினவுவோர் உளர். வினா தக்கதே. ஆயினும் கிறித்துவ மரபில் வெற்றி என்பது சிலுவைக்குப் பின்னர் வாளால் ஈட்டப்படுவதன்று, சிலுவையே வெற்றி. அவ்விரண்டையும் பிரித்து, தியாகத்தை இடைக்காட்சியாகவும் போரை முடிவாகவும் அமைக்கும்போதுதான் பொருள் திரிகிறது.

எனினும் திரை நினைத்தால் இயலும் என்பதற்கு ஜாக்சனின் மூன்றாம் படமே சான்று. எரிமலைச் சரிவில் ஃபிரோடோ நடக்க இயலாது வீழ்ந்து கிடக்கிறான். மோதிரத்தின் சுமையைத் தான் ஏற்க இயலாதெனினும் அதனைச் சுமப்பவனையே தூக்கிச் செல்ல இயலும் என்று சாம் அவனைத் தோளிலேற்றி மலையேறுகிறான். சிலுவை சுமக்க உதவிய சிரேன் ஊர்ச் சீமோனை நற்செய்தி நூல்களில் கண்டவர்க்கு இக்காட்சியின் பொருள் உடனே விளங்கும். அங்கே கண்ணாடி ஓவியமில்லை, விரித்த கைகளில்லை. அழுக்கும் வியர்வையுமாக இரு சிறிய உருவங்களே உள்ளன. அக்காட்சியை நீக்கிவிட்டால் மோதிரம் மலையுச்சியை அடைவதில்லை. நற்செய்தியை அறியாதவரும் அதில் நட்பின் பெருமையை உணர்வர். அறிந்தவர் அதற்கும் மேலான ஒன்றை உணர்வர். சிறந்த குறியீடு எவரையும் வெளியே நிறுத்துவதில்லை.

ஆகவே இத்தகைய படங்களை வகுப்பறையில் ஆராயப் புகும் ஆசிரியரும் மாணவரும் மூன்று வினாக்களை வரிசையாக எழுப்புதல் பயன்தரும். ஒப்புமை ஒன்றா, அல்லது தொடர்ந்து வரும் சங்கிலியா? அதனை நீக்கினால் கதை நிலைக்குமா? கதையின் சிக்கலை இறுதியில் தீர்ப்பது எச்செயல்? மூன்றாம் வினாவே முதன்மையானது. முதல் வினாவோடு நின்றுவிடும் திறனாய்வு இறந்தெழும் தலைவர் அனைவரையும் கிறித்துவாக்கிவிடும். அனைவரும் கிறித்துவானால் அப்பெயருக்குத் தனிப்பொருள் இல்லாமற் போகும். படத்துக்கும் அதனால் பெருமை சேராது. தன் சமயமாயினும் பிறர் சமயமாயினும், ஒரு சமயத்தின் குறியீட்டைக் கண்டறிய முயல்வோர் அச்சமயம் எதனைத் தன் உயிராகக் கருதுகிறது என்பதை முதலில் கற்றல் வேண்டும். துரோகியாகிய எட்மண்டுக்கும் இரக்கத்துக்குத் தகாத கோல்லத்துக்கும் கதையில் என்ன நேர்கிறது என்று நோக்குவோர், சிலுவை வடிவங்களை எண்ணாமலே சிலுவையின் பொருளைக் கண்டுகொள்வர்.